காட்டோர விடுதியும் யானைகளின் பேரேடும்: தேன்கனிக்கோட்டை அருகே நான்கு நாள்கள்

கடந்த மார்கழி இறுதியில், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் அண்ணன் மகனுடன், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய இந்தத் தங்கும் விடுதியில் நான்கு நாள்கள் தங்கினேன். காட்டு யானைகளை ஆராய வருகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் ஜீப்பும் ஏற்பாடு செய்து கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம் இது. இப்போது பொதுமக்களுக்கும் அறை தருகிறார்கள். ஆய்வாளர்கள் தங்கியிருக்கும் நாள்களில் அவர்கள் செல்லும் ஜீப்பிலேயே நாமும் செல்லலாம். இரவு உணவுக்கு முன் அவர்கள் ஒரு மணி நேரம் பேசுவதையும் கேட்கலாம். இந்த ஏற்பாட்டுக்காகத்தான் நான் சென்றேன் என்பதால், என் மதிப்பீடும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

அறையையும் உணவையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரை வேய்ந்த ஆறு அறைகள் உள்ளன, சுத்தமாக இருக்கின்றன. வெந்நீர் காலையில் மட்டும் கிடைக்கும். மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளி போதாது, கேட்டால் இன்னொன்று தருகிறார்கள். சமைக்கும் அக்கா பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். அவர் கையால் கிண்டிய கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எங்கள் வீட்டுச் சமையலுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். மூன்று வேளை உணவும் ஒரு ஜீப் பயணமும் அதில் அடங்கும். இரண்டாவது பயணத்துக்குத் தனியாக 600 ரூபாய். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இது சற்றுக் கூடுதலான தொகைதான்.

நான் மாரண்டஹள்ளியைச் சேர்ந்தவள், பள்ளி ஆசிரியை. 2023 மார்ச்சில் எங்கள் ஊருக்கு அருகே, விளைநிலத்தைச் சுற்றி முறைகேடாக அமைத்திருந்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் உயிர் பிழைத்தன. அதற்கு முந்தைய மாதம், பாலக்கோடு பகுதியில் பிடித்து ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட, கொம்பில்லாத ஆணான ஒரு மக்னா யானை, சில வாரங்களுக்குள் மலையை விட்டு இறங்கிக் கோவை நகரின் ஓரம் வரை நடந்து வந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் இரண்டைப் பற்றியும் கேட்டார்கள். அந்தக் குட்டிகளை இனி யார் வளர்ப்பார்கள், அந்த மக்னா எதைத் தேடி அவ்வளவு தூரம் நடந்தது என்ற கேள்விகளுக்கு என்னால் நேர்மையான விடை சொல்ல முடியவில்லை. ஒரு யானையை அதன் பிறப்பு முதல் பின்தொடர்ந்து எழுதி வைத்தவர்களால்தான் இத்தகைய கேள்விகளுக்கு அருகிலாவது செல்ல முடியும் என்பது இந்த விடுதியில்தான் எனக்கு விளங்கியது.

சஃபாரி என்ற சொல்லைக் கேட்டு, காட்டுக்குள் ஜீப்பை ஓட்டிச் செல்வார்கள் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இப்பகுதியின் காடு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயம் இன்னொரு 686 சதுர கிலோமீட்டர். ஆய்வுக்காகச் சரணாலயத்துக்குள் நுழைய வேண்டுமென்றாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ஆகவே விருந்தினர்களை ஏற்றிக்கொண்ட ஜீப் பொதுச் சாலைகளிலும், காட்டை ஒட்டிய கிராமப் பாதைகளிலும், உழவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்ட ஏரிக்கரைகளிலும் மட்டும் செல்கிறது. மாலை ஆறு மணிக்குப் பின் வண்டி எடுப்பதில்லை. பணம் கூடக் கொடுக்கிறேன் என்று ஒருவர் கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விடுதியின் உண்மையான செல்வம் அங்குள்ள வழிகாட்டிப் பெரியவர். இருளர் குடியைச் சேர்ந்த அவர், வெவ்வேறு ஆய்வுக் குழுக்களுக்குத் தடம் பார்த்துச் சொல்லும் உதவியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த இப்பகுதிப் பேச்சில், யானையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தாமல் பேசுகிறார். அவரிடம் நீள வாக்கில் தைத்த கணக்கு நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. தேதி, இடம், எத்தனை யானை, எதை மேய்ந்தது, எந்தப் பக்கம் போனது என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். ஓரத்தில் காதுகளின் படங்கள். காது மடலின் கிழிசல், துளை, மேல்விளிம்பு எவ்வளவு மடிந்திருக்கிறது, வால் நுனி மயிர் எந்தப் பக்கம் உதிர்ந்திருக்கிறது, கொம்பு எப்படி வளைந்திருக்கிறது ஆகியவற்றை வரைந்து வைத்திருக்கிறார். வயது கூடக் கூட ஆசிய யானையின் காது மேல்விளிம்பு மடிந்துகொண்டே வரும் என்பதையும், முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும் என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஈர மண்ணில் பதிந்திருந்த ஒரு தடத்தை என் அண்ணன் மகனிடம் நூல் கொடுத்து அளக்கச் சொன்னார். வந்த எண்ணைக் கேட்டுவிட்டு, “இது போன வருஷம் வந்த பெரியவன்தான் தம்பி, கொஞ்சம் நொண்டுறான் பாரு” என்று பின்னங்காலின் இழுபட்ட தடத்தைக் காட்டினார்.

அன்று மாலையே அந்தப் பெரியவனைக் கண்டோம். ஏரியின் எதிர்க்கரையில், கருவேல மரங்களுக்கு இடையிலிருந்து ஐந்து யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐந்தும் ஆண். முதலில் வந்தது தண்ணீரில் இறங்காமல் காற்றை மோந்தபடி நின்றது. மற்ற நான்கும் அதன் பின்னால் அசையாமல் காத்திருந்தன. வளர்ந்த ஆண் யானை தனித்துத் திரியும் என்றே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்களுடன் ஜீப்பில் வந்த பெங்களூர் ஆய்வு மாணவர், இந்த நிலப்பகுதியின் தனித்தன்மையே அதுதான் என்று மெல்லிய குரலில் விளக்கினார். யானை ஆய்வாளர்கள் நிஷாந்த் சீனிவாசையாவும் ராமன் சுகுமார், சீனிவாஸ் வைத்தியநாதன், அனிந்த்ய சின்கா உள்ளிட்டோரும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 23 மாதங்களில் எடுத்த 1,445 ஒளிப்படப் பதிவுகளைக் கொண்டு 248 ஆண் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். காடு குறைந்து பயிர் மிகுந்த இடங்களில் இளம் ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஆபத்தைப் பகிர்ந்துகொண்டு வாழப் பழகிவிட்டன என்பது அதன் சாரம். ஒவ்வொரு யானையையும் தனியே அறியாமல் வெறுமனே தலையை எண்ணியிருந்தால், ஒரே ஐந்து ஆண்களா அல்லது நாளுக்கு ஐந்து வெவ்வேறு ஆண்களா என்பதே தெரியாமல் போயிருக்கும். 

எண்ணிக்கை வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் 2023இல் 2,961 யானைகள், 2024இல் 3,063 யானைகள் என்று வனத்துறையின் கணக்கெடுப்புகள் மதிப்பிட்டன. ஒரு யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை லத்தி போடும், அந்த லத்தி மக்குவதற்கு இத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டுக் காட்டில் கிடப்பவற்றை எண்ணி யானைகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை, மறுநாள் காலை ஒரு வரப்பில் அமர்ந்து அந்த மாணவர் என் அண்ணன் மகனுக்குக் கற்றுக் கொடுத்தார். அவன் கல்லூரியில் ஓர் ஆண்டு முழுவதும் கற்றதைவிட அந்த அரை மணி நேரம் அவனுக்கு அதிகம் பயன்பட்டது என்று அவனே சொன்னான்.

இரண்டாம் நாள் இரவுப் பேச்சு இந்தப் பயணத்தின் சிகரம். அன்று பேசியவர், ஆப்பிரிக்காவில் களப்பணி செய்துவிட்டு ஆசிய யானைகளைப் பார்க்க முதல் முறையாக இங்கே வந்திருந்த ஒரு பெண் ஆய்வாளர். கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972இல் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது என்றும், காட்டு யானைகளைப் பற்றிய ஆய்வுகளில் இத்தனை நீண்டது வேறில்லை என்றும் தொடங்கினார். அங்கே கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் நிலம் திறந்த வெளியாகக் கிடக்கிறது. சதுப்பு நிலத்துக்கு நீர் தேடி வரும் குடும்பங்களை வண்டியிலிருந்தபடியே மணிக்கணக்காகப் பார்க்கலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்து, அக்குடும்பத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறார்கள். பாட்டி, மகள், பேத்தி என்று குலமுறை கிளத்தும் அளவுக்கு அந்தப் பேரேடு வளர்ந்துவிட்டது.

அந்தப் பேரேட்டிலிருந்து கிடைத்தவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூத்த தலைவியைக் கொண்ட குடும்பங்கள், தொலைவில் கேட்கும் பிளிறல் பழகியவர்களுடையதா அந்நியர்களுடையதா என்பதை நன்றாகப் பிரித்தறிகின்றன. அக்குடும்பங்களில் குட்டிகளும் அதிகம் பிறக்கின்றன என்று கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2001இல் காட்டினார்கள். ஆகவே கிழட்டு யானை செத்தால் ஓர் எண் குறைந்தது என்று எழுதிவிட முடியாது. எந்தப் பள்ளத்தில் கோடையிலும் நீர் கிடக்கும், எந்த ஊர் வழியே போகக் கூடாது என்ற நினைவு அதனுடன் போய்விடுகிறது. 2009இல் அங்கே வந்த கொடும் வறட்சியில் மூத்த தலைவிகள் பலர் இறந்ததை அவர் சொன்னபோது, நான் மாரண்டஹள்ளியின் மூன்று பெண் யானைகளை நினைத்துக்கொண்டேன். அவற்றுள் மூத்தது எது, அதற்கு என்ன தெரிந்திருந்தது என்பதை எழுதி வைத்தவர் எவருமில்லை. குட்டிகளைப் பற்றிய என் கேள்வியையும் கேட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் குட்டி தாய்ப்பாலையே நம்பியிருக்கும், அந்த வயதுக்குள் தாயை இழந்தால் பிழைப்பது அரிது, அதற்குப் பிறகென்றால் சித்தியோ அக்காவோ சேர்த்துக்கொள்வதைப் பொறுத்தது என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆப்பிரிக்க ஆண் யானைகளுக்கும் மதம் பிடிக்கும் என்பதை ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981இல்தான் ஆய்வுலகுக்கு நிறுவினார்கள் என்று அவர் சொன்னபோது அவையில் ஒரு சலசலப்பு எழுந்தது. தகடூர் அதியமானைப் பாடிய ஔவை, ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ நீர்த்துறையில் படுத்திருக்கும் களிற்றையும், அதே களிறு மதநீர் ஒழுக நெருங்க முடியாததாகும் நிலையையும் ஒரே பாட்டில் வைத்தாள் என்பதை நான் எழுந்து சொன்னேன். மதநீருக்குக் கடாம் என்று தனிச் சொல்லே அக்காலத்தில் இருந்தது என்றதும், அவர் அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுதித் தரச் சொல்லித் தம் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டார். பாடப்பட்ட மண்ணில் நின்று அதைச் சொல்ல வாய்த்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

மூன்றாம் நாள் பேச்சு ராகியைப் பற்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும் யானைகள் தளி, நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு என்று காடு விட்டுக் காடு சென்று, மாசி பங்குனியில் திரும்புகின்றன. கதிர் முற்றும் காலமும் அவை வரும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. ராமன் சுகுமார் 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்ப் பக்கத்துக் காடுகளில் செய்த ஆய்வில், காட்டுப் புல்லைவிட ராகியிலும் நெல்லிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் கூடுதலாக இருப்பதை அளந்து காட்டியிருக்கிறார். பெண்களைவிட வளர்ந்த ஆண்களே அதிகமாகப் பயிரில் இறங்குகின்றன என்பதும் அவர் கண்டதே. ஆண் யானைக்கு உடல் பெருத்தால் இனப்பெருக்கத்தில் ஆதாயம் மிகுதி. அதனால் அது உயிரைப் பணயம் வைக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், “எங்க பயிரும் எங்களுக்கு உசுருதானுங்க” என்று சொன்னார். அரை ஏக்கர் ராகியை ஒரே இரவில் இழந்தவர் அவர். பேச்சாளர் உடனே பதில் சொல்லவில்லை; பின்னர் இழப்பீடு எத்தனை நாளில் கிடைத்தது, பரணில் காவல் இருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உழவர்களைப் பேச்சுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்த விடுதிக்காரரின் செயலை மனமாரப் பாராட்டுகிறேன்.

இனிக் குறைகள். விடுதியின் விளம்பரத்தில் ‘யானையைக் காண்பது உறுதி’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் சொற்றொடரை உடனே நீக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அன்று இரண்டாவது ஜீப்பில் வந்த ஏழு பேர், முந்தைய இரண்டு நாளும் யானையைக் காணாததால் ஓட்டுநரை நெருக்கினார்கள். வெளியிலிருந்து வாடகைக்கு அமர்த்திய அந்த ஓட்டுநர், சாலையைக் கடக்க நின்றிருந்த ஒரு சிறு கூட்டத்துக்கு இருபது அடி தூரம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். குட்டி ஒன்று சாலையின் இந்தப் பக்கமும் தாய் அந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. தாய் காதை விரித்துத் தலையை உயர்த்திப் பாய்வதுபோல் இரண்டு எட்டு வைத்தது. எங்கள் ஜீப்பிலிருந்த பெரியவர் கையைக் காட்டிப் பின்னால் எடுக்கச் சொன்னதும் ஓட்டுநர் பதற்றத்தில் ஒலிப்பானை அழுத்திவிட்டார். நல்வேளையாகக் குட்டி ஓடித் தாயுடன் சேர்ந்தது. எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரியவர் அன்று முழுவதும் பேசவில்லை. அந்தத் தாயை அவர் குட்டிப் பருவத்திலிருந்தே அறிவார். விடுதிக்காரரிடம் நான் எழுத்தில் முறையிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டதுடன், இனி வெளி ஓட்டுநர்களை அமர்த்துவதில்லை என்றும் ஒரு நேரத்தில் ஒரு ஜீப் மட்டுமே செல்லும் என்றும் உறுதி கூறியிருக்கிறார். அது நடைமுறைக்கு வந்ததா என்பதைப் பின்னர் செல்கிறவர்கள் இங்கே எழுதினால் நல்லது.

இன்னொரு குறை எனக்கு இதைவிட வருத்தம் தந்தது. பேச்சுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடந்தன. முன்வரிசையில் அமர்ந்த உழவர்களுக்கும் சமையல் அக்காவுக்கும் அந்த மாணவர் இடையிடையே இரண்டு வாக்கியம் சொன்னாரே தவிர, முறையான மொழிபெயர்ப்பு இல்லை. பெரியவர் தமிழில் சொன்னதும் வெளிநாட்டு ஆய்வாளருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. யானையுடன் இரவு பகலாக வாழ்கிறவர்களிடமிருந்து எடுத்துச் செல்லும் அறிவு, அவர்களுடைய மொழியில் அவர்களிடமே திரும்பி வர வேண்டும். மூன்றாம் நாள் இரவு நானே எழுந்து முடிந்த அளவு தமிழில் சொன்னேன். கூட்டம் அரை மணி நேரம் கூடுதலாக நீண்டது, கேள்விகள் அத்தனை வந்தன. கர்நாடகத்தின் கபினியில் 2009 முதல் நடந்துவரும் யானை ஆய்வைப் பற்றியும், கூட்டங்கள் பிரிந்தும் மீண்டும் கூடியும் வாழ்வதைப் பற்றியும் அப்போதுதான் எல்லாரும் கேட்டறிந்தார்கள். தமிழில் பேசக்கூடிய ஒருவரை விடுதி நிலையாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெரியவரின் நோட்டுகளையும் சொல்ல வேண்டும். அவை ஒரு தகரப் பெட்டியில், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே இருக்கின்றன. இரண்டு நோட்டுகளின் ஓரம் கரையான் அரித்துவிட்டது. கடைசி நாள் காலை, என் அண்ணன் மகனும் அந்த மாணவரும் பெரியவரின் சம்மதத்துடன் முதல் நான்கு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார்கள். அப்போது ஒரு பக்கத்தில் இருந்த காதுப் படமும் மாணவரின் மடிக்கணினியில் இருந்த ஓர் இளங்கொம்பனின் காதும் ஒத்திருப்பதைக் கண்டு இருவரும் துள்ளினார்கள். ஏரிக்கரையில் முதல் நாள் நாங்கள் கண்ட நொண்டும் பெரியவனின் இளவயதுப் பதிவு அது என்று பெரியவர் உறுதி செய்தார். 

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு வரலாம். ஓசூரிலிருந்து பேருந்துகள் உண்டு. மாலை நான்கு மணிக்குள் விடுதிக்குச் சேர்ந்துவிடுங்கள். இருட்டிய பின் அந்தச் சாலையில் இருசக்கர வண்டியில் வருவது ஆபத்து. ஆய்வாளர்கள் எந்த நாள்களில் இருக்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அறை எடுங்கள். அவர்கள் இல்லாத நாளில் அந்தத் தொகைக்கு இது சாதாரண விடுதி. அடர்நிற உடையும் பைனாகுலரும் எடுத்துச் செல்லுங்கள். வாசனைத் தைலம் வேண்டாம். ஒரு நாள் மட்டும் தங்கினால் பெரும்பாலும் தடத்தையும் லத்தியையும்தான் பார்ப்பீர்கள். குறைந்தது மூன்று நாள் வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மாசிக் கடைசியில், யானைகள் ஜவளகிரிப் பக்கம் திரும்பும் வாரத்தில், மீதமுள்ள ஏழு நோட்டுகளைப் படமெடுப்பதற்காக நாங்கள் இருவரும் மீண்டும் இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம்.